நஷ்ட ஈட்டு வழக்கும் நம்ம பிரீமியமும்: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் சாலை விபத்து இழப்பீடு பற்றி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். கடிதங்களில் வரும் தேர்டு பார்ட்டி என்பது, நம் வண்டி மோதிப் பாதிக்கப்படுகிற அடுத்தவருக்காக நாம் கட்டாயம் போடவேண்டிய இன்ஷூரன்ஸ்.

கேள்வி: என்னிடம் இரண்டு பன்னிரண்டு சக்கர லாரிகள் இருக்கின்றன. இத்தனை வருடத்தில் ஒரு ஆள் மேல் உரசினது கிடையாது. ஆனாலும் தேர்டு பார்ட்டி பிரீமியம் கழுத்தை நெரிக்கிறது. கோர்ட்டில் லட்சம் லட்சமாகத் தூக்கிக் கொடுப்பதால்தானே இப்படி? அதற்கு ஓர் உச்சவரம்பு வைத்துவிட்டால் என்ன? (லாரி உரிமையாளர், நாமக்கல்)

உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் நீங்கள் கேட்கும் உச்சவரம்பு உங்கள் தலையிலேயே வந்து விழும், அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2016-இல் மோட்டார் வாகனச் சட்டத் திருத்த மசோதாவை முதலில் கொண்டுவந்தபோது இப்படி ஒரு வரம்பு அதில் இருந்தது. உயிரிழப்புக்கு 10 லட்சம், படுகாயத்துக்கு 5 லட்சம், அதற்கு மேல் இன்ஷூரன்ஸ் கம்பெனி பொறுப்பில்லை என்று. நன்றாகப் பாருங்கள், வரம்பு கம்பெனி கட்டவேண்டிய தொகைக்குத்தான், விபத்து இழப்பீட்டை முடிவுசெய்யும் தீர்ப்பாயம் கொடுக்கும் தொகைக்கு இல்லை. 35 லட்சம் தீர்ப்பானால் மீதி 25 லட்சத்தை யார் கட்டுவது? வண்டி யார் பேரில் இருக்கிறதோ அவர்தான். ஒரு லாரி, இரண்டு லாரி வைத்துக் கடனில் ஓட்டுகிறவர் வீட்டை விற்றுத்தான் கட்டவேண்டும், விற்க வீடும் இல்லையென்றால் செத்தவர் குடும்பம் தெருவில் நிற்கும். நல்லவேளை, அந்த வரம்பு பிறகு கைவிடப்பட்டது. சட்டத்தில் இழப்பைக் குறைத்து எழுதிவிட்டால் இழப்பு குறையாது, அதைச் சுமக்கிற தோள்தான் மாறும். இந்தப் பக்கத்தில் இன்று நான் சொல்ல வருவதே அதுதான்.

சரி, அப்படியானால் பிரீமியம் ஏன் ஏறியது? 2007-இல் வண்டிச் சேதத்துக்கான பிரீமியத்தைக் கம்பெனிகளே நிர்ணயித்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள், தேர்டு பார்ட்டி விலையை மட்டும் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் கையிலேயே வைத்துக்கொண்டது. அந்த விலைக்கு லாரி பாலிசி போட்டால் நஷ்டம் என்று கம்பெனிகள் ஒதுங்கின. அதனால் சரக்கு வண்டிகளின் தேர்டு பார்ட்டி பாலிசிகளையெல்லாம் ஒரே தொகுப்பில் போட்டு, எல்லாக் கம்பெனிகளும் நஷ்டத்தைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும் என்று ஏற்பாடு செய்தார்கள். நஷ்டம் ஊருக்குப் பொது என்றானதும் இழப்பீட்டுக் கோரிக்கை உண்மையா பொய்யா என்று தீர விசாரிக்க எவருக்கும் அக்கறை இல்லாமல் போயிற்று. தொகுப்பு பெரும் நஷ்டத்தில் விழுந்து 2012 மார்ச்சோடு மூடப்பட்டது. 2011-இலிருந்து ஆண்டுக்கு ஒருமுறை விலையை மாற்றி எழுதும் வழக்கம் வந்தது, பழைய நஷ்டப் பள்ளத்தையெல்லாம் அப்புறம் பாலிசி எடுத்தவர்கள் நிரப்பினார்கள். 2017-இலும் 2018-இலும் லாரி ஸ்டிரைக் நடந்தபோது கோரிக்கைப் பட்டியலில் தேர்டு பார்ட்டி பிரீமியம் இருந்தது உங்களுக்கே ஞாபகம் இருக்கும்.

2022 ஜூன் 1-இல் அமலுக்கு வந்த விலைப்படி, மொத்த எடை 20 டன்னுக்கு மேல் 40 டன் வரை உள்ள சரக்கு வண்டிக்கு ஆண்டுக்கு 43,950 ரூபாய். லோடு கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் இது மாறாது. இந்தப் பணம் வாடகையில் ஏறும், வாடகை முட்டையிலும் தக்காளியிலும் ஏறும், ஏற்ற முடியாத மாதத்தில் உங்கள் கையிலிருந்து போகும். பத்து இருபது வண்டி வைத்திருக்கிறவர் தாங்கிவிடுவார், ஒரே வண்டியைத் தானே ஓட்டுகிறவர் எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று, டயர், தவணை எல்லாவற்றோடும் சேர்த்து இதையும் புரட்டவேண்டும். நாமக்கல், சங்ககிரி மாதிரி லாரியை நம்பியே பட்டறையும் பாடி கட்டும் தொழிலும் டயர்க் கடையும் நடக்கிற ஊர்களில் ஒரு வண்டி நின்றால் அதன் பின்னால் பல அடுப்புகள் நிற்கும்.

என் வருத்தம் வேறொரு விஷயத்தில். உங்கள் வண்டி விபத்தில்லாமல் ஓடியதற்குத் தேர்டு பார்ட்டியில் ஒரு ரூபாய் சலுகை கிடையாது. நோ கிளைம் போனஸ் என்கிற சலுகையெல்லாம் சொந்த வண்டிச் சேதத்துக்கான பாலிசியில் மட்டும்தான். தூங்காமல் இரண்டு இரவு ஓட்டவைக்கிற முதலாளியும், டிரைவருக்கு ஓய்வு கொடுக்கிற நீங்களும் ஒரே எடைக்கு ஒரே பணம்தான் கட்டுகிறீர்கள். சங்கங்கள் இழப்பீட்டைக் குறை என்று கேட்பதை விட்டுவிட்டு, விபத்தில்லா வண்டிக்குத் தேர்டு பார்ட்டியிலும் விலையைக் குறை என்று கேட்டால் நான் முதல் ஆளாக ஆதரித்து எழுதுவேன்.

கேள்வி: என் பைக் வீட்டிலிருந்து கடைக்கும் கடையிலிருந்து வீட்டுக்கும்தான் போகிறது. புதிதாக எடுத்தபோது போட்ட ஐந்து வருட இன்ஷூரன்ஸ் முடிந்துவிட்டது. மறுபடி போடத்தான் வேண்டுமா? (வாசகர், விருத்தாசலம்)

வேண்டும், நாளைக்கே போடுங்கள். தெருமுனையிலும் ஆள் விழுவார்.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். 30 வயதுக் கொத்தனார், மாதம் 15,000 சம்பாதிக்கிறவர், விபத்தில் இறந்துவிடுகிறார் என்று வையுங்கள். மனைவி, இரண்டு பிள்ளைகள், அம்மா. 2017-இல் பிரணய் சேத்தி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னபடி, சொந்தமாகத் தொழில் செய்கிற 40 வயதுக்குக் கீழான ஒருவருக்கு எதிர்கால வருமான உயர்வாக 40 சதவீதம் சேர்க்கவேண்டும், ஆக 21,000. அவருடைய சொந்தச் செலவு என்று நாலில் ஒரு பங்கைக் கழித்தால் 15,750. வருடத்துக்கு 1,89,000. 2009-இல் சரளா வர்மா வழக்கில் கொடுத்த அட்டவணைப்படி அந்த வயதுக்குப் பெருக்கும் எண் 17. மொத்தம் 32,13,000 ரூபாய், இறுதிச் சடங்குச் செலவு மாதிரி சில தலைப்புகளில் வருவது தனி.

75 சி.சி.க்கு மேல் 150 சி.சி. வரையான பைக்குக்கு அதே 2022 அறிவிப்பில் ஆண்டு பிரீமியம் 714 ரூபாய். வகுத்துப் பாருங்கள், 4,500 பைக்காரர்கள் ஒரு வருடம் கட்டுகிற பணம் அந்த ஒரு குடும்பத்துக்குப் போகிறது. அந்தக் குடும்பத்துக்கு அது அதிகம் என்று என்னால் சொல்லமுடியாது, அவர் உயிரோடு இருந்திருந்தால் சம்பாதித்திருக்கக்கூடியதற்கான கணக்குத்தானே அது. ஆனால் நம் நாட்டில் ஓடும் வண்டிகளில் பாதியளவுக்கு இன்ஷூரன்ஸே இல்லை, அதில் பெரும்பகுதி பழைய பைக்குகள்தான். எல்லோரும் கட்டினால் சுமை பரவும். நீங்கள் கட்டாமல் மோதினால் அந்த 32 லட்சத்துக்கும் நீங்கள்தான் பொறுப்பு, உங்கள் கடை உட்பட.

கேள்வி: அரசு பஸ்ஸைக் கோர்ட் அமீனா ஜப்தி செய்தார் என்று அடிக்கடி பேப்பரில் வருகிறது. அரசு பஸ்ஸுக்கு இன்ஷூரன்ஸ் கிடையாதா? (வாசகி, கும்பகோணம்)

கட்டாயம் இல்லை. தனியாக ஒரு நிதி வைத்துக்கொண்டால் அரசுப் போக்குவரத்துக் கழகங்களுக்கு இந்த விஷயத்தில் விலக்கு கொடுக்கச் சட்டத்தின் 146-ஆவது பிரிவு வழி விட்டிருக்கிறது. இழப்பீட்டைக் கழகமே கட்டிக்கொள்ளவேண்டும் என்பது அதன் பொருள். காகிதத்தில் இது மிச்சம்தான். நடைமுறையில் கழகத்துக்கு டீசலுக்கும் ஓய்வூதியத்துக்குமே பணம் இழுபறி என்பதால் இழப்பீடு பின்னால் தள்ளப்படுகிறது. தீர்ப்பு வருகிறது, மேல்முறையீடு போகிறது, வட்டி ஏறுகிறது, கடைசியில் தீர்ப்பை நிறைவேற்றக் கோரி மனு போட்டு, பயணிகளை இறக்கிவிட்டு பஸ்ஸைக் கோர்ட் வளாகத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறார்கள். அந்த வழித்தடத்தில் போகிற பூக்காரம்மாவுக்கும் காலேஜ் பிள்ளைக்கும் அன்றைக்கு பஸ் இல்லை. கணவரை இழந்தவருக்கு வருடக்கணக்கில் பணம் இல்லை. வட்டியோடு சேர்த்துக் கட்டும் தொகையோ முதலிலேயே கட்டியிருந்தால் ஆகியிருப்பதைவிட அதிகம், அதுவும் மக்கள் பணம். கொடுத்தே ஆகவேண்டிய வழக்கை மக்கள் நீதிமன்றத்தில் உட்கார்ந்து முடித்துக்கொள்ளாமல் கடைசிவரை இழுப்பது எந்தக் கணக்கிலும் நியாயமில்லை.

கேள்வி: எங்கள் பக்கத்து ஊரில் மாடியிலிருந்து விழுந்தவருக்கு லாரி மோதியதாகக் கேஸ் போட்டிருக்கிறார்கள். இதெல்லாம் நடக்குமா? வக்கீல் பாதிப் பணம் கேட்பாராமே? (பெயர், ஊர் வேண்டாம் என்றிருக்கிறார்)

நடக்கிறது. உத்தரப் பிரதேசத்தில் இது எவ்வளவு பெருகியது என்றால், 2015-இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் சிறப்பு விசாரணைக் குழுவே அமைக்கவேண்டி வந்தது. விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போய், 2021-இல் 28 வழக்கறிஞர்களை இந்திய பார் கவுன்சில் இடைநீக்கம் செய்தது. இதில் இன்னொரு வகையும் உண்டு, அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. விபத்து உண்மை, சாவும் உண்மை, ஆனால் மோதிய வண்டிக்கு இன்ஷூரன்ஸ் இல்லை, அதனால் இன்ஷூரன்ஸ் உள்ள வேறு வண்டியைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். அதுவும் குற்றம்தான். ஆனால் விருத்தாசலம் வாசகருக்குச் சொன்ன பாலிசி இல்லாத பைக்குகள்தான் இதற்கு விதை போடுகின்றன. பொய் வழக்கு பெருகப் பெருக உண்மையாக அடிபட்டவரையும் கம்பெனி சந்தேகத்தோடு பார்க்கிறது, எல்லாவற்றையும் எதிர்த்து வழக்காடுகிறது, அந்தச் செலவும் நம் பிரீமியத்தில்தான்.

வக்கீல் விஷயம். கிடைக்கும் தொகையில் இத்தனை பங்கு என்று பேசி வழக்கு நடத்துவது பார் கவுன்சில் விதிப்படி இந்தியாவில் தவறு. நியாயமான கட்டணம் கொடுங்கள், அதற்கு ரசீது வாங்குங்கள். பணத்தை உரியவரின் வங்கிக் கணக்கிலேயே நேராகப் போடவேண்டும் என்று 2025-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. உங்கள் பாஸ்புக் உங்களிடமே இருக்கட்டும்.

கேள்வி: என் மகன் அமெரிக்காவில் ஃப்ளோரிடாவில் வீடு வாங்கியிருக்கிறான். வீட்டு இன்ஷூரன்ஸே மாதத் தவணை மாதிரி இருக்கிறது என்கிறான். புயல் வருவதால்தானா? (வாசகர், ஸ்ரீரங்கம்)

புயல் பாதி, வழக்கு பாதி. அந்த மாநிலக் காப்பீட்டு அலுவலகம் எடுத்துக்காட்டிய கணக்கில், 2019-இல் அமெரிக்கா முழுவதும் வந்த வீட்டுக் காப்பீட்டுக் கோரிக்கைகளில் 8 சதவீதம்தான் ஃப்ளோரிடாவுடையது, ஆனால் அது தொடர்பாக நடந்த வழக்குகளில் 76 சதவீதம் அங்கேதான். 2022 வரை அங்கே நடந்தது இதுதான்: கூரை போடும் ஆள் கதவைத் தட்டி, உங்கள் பாலிசி உரிமையை எனக்கு எழுதிக்கொடுங்கள், நான் கம்பெனியிடம் வாங்கிக்கொள்கிறேன் என்பார். பிறகு அவர் வழக்குப் போடுவார். ஜெயித்தால் அவர் வக்கீல் கட்டணத்தையும் கம்பெனியே கொடுக்கவேண்டும், கம்பெனி ஜெயித்தால் அதற்கு எதுவும் திரும்ப வராது. 2022-இல் சில கம்பெனிகள் திவாலாயின, சில வெளியேறின. அரசு ஆதரவில் நடக்கும் சிட்டிசன்ஸ் நிறுவனத்திடம் 2023-இல் ஏறத்தாழ 14 லட்சம் பாலிசிகள் போய்ச் சேர்ந்தன. வீடு விற்பதும் கஷ்டமானது, ஏனென்றால் பாலிசி இல்லாமல் அங்கே வங்கி கடன் தராது.

2022 டிசம்பரில் அந்த வக்கீல் கட்டண முறையை வீட்டுக் காப்பீட்டில் ரத்து செய்தார்கள். 2023 மார்ச்சில் இன்னொரு சட்டம் போட்டு, அஜாக்கிரதை வழக்குகளுக்கான காலக்கெடுவை நாலு வருடத்திலிருந்து இரண்டாகக் குறைத்தார்கள். கம்பெனிகள் திரும்பி வரத் தொடங்கின. ஆனால் உண்மையாகவே கூரை பறந்து, கம்பெனி குறைத்துக் கொடுத்தால், வீட்டுக்காரர் இப்போது வக்கீலுக்குத் தன் கைக்காசைத்தான் கொடுக்கவேண்டும். மகனிடம் சொல்லுங்கள், புயல் காலத்துக்கு முன்னால் கூரையை நாலு பக்கமும் தேதியோடு படம் எடுத்து வைக்கட்டும், கதவைத் தட்டுகிறவர் நீட்டும் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடவேண்டாம்.

கேள்வி: அப்பா விபத்தில் போய் நாலு மாதம் ஆகிறது. வழக்குப் போட எத்தனை நாள் இருக்கிறது? (வாசகி, செய்யாறு)

அம்மா, இதை உடனே கவனியுங்கள். 2022 ஏப்ரல் 1-க்குப் பிறகு நடந்த விபத்துக்கு ஆறு மாதத்துக்குள் மனு போடவேண்டும் என்று சட்டத்தில் கெடு இருக்கிறது. அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறார்கள், ஆனால் அதை நம்பிக் காத்திருக்காதீர்கள். போலீஸ் 48 மணி நேரத்துக்குள் முதல் அறிக்கையும் 90 நாளுக்குள் விரிவான அறிக்கையும் தீர்ப்பாயத்துக்கு அனுப்பவேண்டும் என்பது விதி, அனுப்பினார்களா என்று ஸ்டேஷனில் எழுத்தில் கேளுங்கள். விபத்து நடந்த ஊரில்தான் போடவேண்டும் என்றில்லை, நீங்கள் வசிக்கும் இடத்துத் தீர்ப்பாயத்திலேயே போடலாம். எஃப்.ஐ.ஆர். நகல், பிரேதப் பரிசோதனை அறிக்கை, அப்பாவின் வயதுக்கு ஒரு சான்று, வருமானம் தெரிய வங்கிக் கணக்கோ கூலிச் சீட்டோ எது இருந்தாலும் எடுத்து வையுங்கள். வக்கீலுக்குக் கொடுக்க வசதியில்லையென்றால் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும், பெண்களுக்கு அங்கே இலவசமாக வழக்கறிஞர் வைத்துத் தருவார்கள், வருமான வரம்பு கேட்கமாட்டார்கள்.