உறைமழையில் ஓடச் சொன்னால்

கேள்வி: ஸ்காபுறோவிலிருந்து வின்னிபெக்குக்கு லோட் ஓடுகிறேன். போன மாதம் நெடுஞ்சாலை 17இல், வாவாவுக்கு முன்பு உறைமழை பிடித்தது. ட்ரெய்லர் ரயர் ஒன்றிலும் காற்றுக் கசியும் சத்தம். "மெதுவாக ஓடு, இல்லையென்றால் வேறு ஆள் பார்ப்பம்" என்றார் டிஸ்பாச்சர். ஓட மாட்டேன் என்று சொல்லலாமா?

பதில்: சொல்லலாம். ஆனால் ரயரையும் மழையையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பாதீர்கள்.

கசிவு காதில் கேட்டாலோ கையில் பட்டாலோ, நாளாந்தப் பரிசோதனைப் பட்டியலின்படி அது பெரிய பழுது. திருத்தும்வரை அந்த ட்ரெய்லரை ஓட்டுவதே குற்றம். உரிமை பேசவே தேவையில்லை. எஞ்சினை நிறுத்திவிட்டுக் கேளுங்கள், உட்பக்க ரயரின் கசிவு எஞ்சின் இரைச்சலில் அமுங்கிவிடும். அறிக்கையில் எழுதி, படத்தோடு கொம்பனிக்கு அனுப்புங்கள்.

மழைக்கு வருவோம். மாகாண எல்லை தாண்டி ஓடும் கொம்பனிகளுக்குக் ஆபத்தான வேலையை மறுக்கும் உரிமை தரும் கனடா தொழிற்சட்டத்தின் 128ஆம் பிரிவு பொருந்தும். (ஒன்ராறியோவுக்குள் மட்டும் ஓடும் கொம்பனி என்றால் மாகாணச் சட்டம், 43ஆம் பிரிவு.) பனிக்காலத்தில் பனி விழுவது வேலையின் இயல்பு என்று கொம்பனி வாதிடும். அதனால் "ரோட் சரியில்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள். எந்த இடம், எத்தனை மணி, பிறேக் பிடித்தபோது ட்ரெய்லர் எப்படி இழுத்தது, வீதி நிலவரம் காட்டும் 511 தளத்தில் அந்த வீதி எப்படிக் காட்டியது என்று சொல்லுங்கள்.

முதலில் பாதுகாப்பான இடத்தில் நிறுத்துங்கள். வீதியோரம் வேண்டாம், ட்ரக் ஸ்ரொப் நல்லது. உடனே அழைத்து, "128ஆம் பிரிவின்படி ஆபத்தான வேலையை மறுக்கிறேன்" என்று இதே சொற்களில் சொல்லி, குறுஞ்செய்தியிலும் அனுப்புங்கள். வெறுமனே "களைப்பு, வரேலாது" என்றால் சாதாரணச் சண்டையாகிவிடும். கொம்பனி விசாரித்து எழுத்தில் முடிவு தரவேண்டும். அதில் உடன்பாடில்லையென்றால் வேலைத்தளப் பாதுகாப்புக் குழு அல்லது பாதுகாப்புப் பிரதிநிதி விசாரிப்பார். அதன் பிறகும் நீங்கள் மறுத்தால் கொம்பனி மத்திய அரசின் தொழிலாளர் துறைக்கு அறிவித்தாக வேண்டும். இதற்கிடையில் அந்த லோடை வேறொருவருக்குக் கொடுப்பதென்றால், நீங்கள் மறுத்ததையும் காரணத்தையும் அவரிடம் சொல்லவேண்டும்.

பலர் பாதியில் விட்டுவிடுவதுதான் எங்களுக்குக் கவலை. மறுத்ததற்காகக் கொம்பனி பழிவாங்கினால் கனடா தொழில் உறவுகள் சபைக்கு 90 நாட்களுக்குள் முறைப்பாடு செய்யலாம். பழிவாங்கவில்லை என்று நிரூபிப்பது கொம்பனியின் பொறுப்பு. ஆனால் கொம்பனிக்கு உடனே அறிவிக்காமலோ, விஷயம் மத்திய அரசின் தொழிலாளர் துறைவரை போகாமலோ இருந்தால் அந்த முறைப்பாட்டை ஏற்கமாட்டார்கள்.

"காலநிலை மோசமென்றால் 2 மணித்தியாலம் கூட ஓடலாம்தானே" என்றும் டிஸ்பாச்சர் சொல்லக்கூடும். புறப்படும்போது தெரிந்திருக்க முடியாத காலநிலைக்குத்தான் அந்தச் சலுகை. காலையிலேயே உறைமழை எச்சரிக்கை வந்திருந்தால் அது செல்லாது. ஒரு நாளில் 13 மணித்தியாலம் மட்டுமே ஓட்டலாம் என்ற எல்லை அப்படியே நிற்கும்.