பைக்குள் பூசணம்: கேள்வி பதில்

சமையலறை, காளான் குடில், தானியச் சேமிப்பு பற்றிக் கேளுங்கள். படர்தாமரைக்குத் தோல் மருத்துவரைப் பாருங்கள்.

கே: ரொட்டிப் பையைப் பிரிக்கவே இல்லை. உள்ளே பூசணம் எப்படி வந்தது?

ப: பையைக் கட்டும்போதே உள்ளே போயிருக்கும். அடுப்புச் சூட்டில் பூஞ்சை ஸ்போர்கள், அதாவது அதன் விதை போன்ற நுண்துகள்கள், செத்துவிடும். ஆறும்போதும் துண்டு போடும்போதும் காற்றிலிருந்தும் கத்தியிலிருந்தும் புதிதாக ஒட்டிக்கொள்ளும். பைக்குள் மாட்டிய காற்றிலும் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன்தான். ஈரமும் வெளியே போக வழியில்லை. சூடு ஆறாமல் எதையும் பையில் போட்டுக் கட்டாதீர்கள்.

கே: இட்லி மாவுப் பை பந்து போல உப்பிவிட்டது.

ப: பாக்டீரியா விடும் கார்பன் டை ஆக்சைடு. வெறும் புளிப்பு வாடை என்றால் பயமில்லை. மேலே நிறம் படர்ந்திருந்தால் கொட்டிவிடுங்கள்.

கே: சிப்பிக் காளான் படுக்கை முதலில் வெள்ளையாக ஓடியது, இப்போது பச்சை. ஏன்?

ப: டிரைக்கோடெர்மா என்ற வேறு பூஞ்சை. அதுவும் ஆரம்பத்தில் வெள்ளைதான். காளான் இழை என்று நம்பி ஏமாறுவோம். ஸ்போர் விடும்போதுதான் பச்சை காட்டும். பெரும்பாலும் வைக்கோல் சரியாக வெந்திருக்காது, அல்லது ஈரம் மிஞ்சியிருக்கும். ஈரம் 65 சதவீதம் போதும்: கைப்பிடி வைக்கோலை இறுகப் பிழிந்தால் கையில் ஈரம் தெரிய வேண்டும், நீர் சொட்டக் கூடாது. பழைய காளான் வித்தும் காரணமாகலாம். காளான் இழை மெதுவாக ஓடினால் இடத்தை டிரைக்கோடெர்மா பிடித்துவிடும். வைக்கோல் ஆறிய பிறகே வித்துப் போடுங்கள், சூட்டில் வித்து செத்துவிடும். கெட்ட பையைக் குடிலுக்குள் பிரிக்காதீர்கள். அப்படியே தூக்கித் தொலைவில் புதையுங்கள். கறுத்து மையாக உருகும் குடைக்காளான் முளைத்தால் அது வேறு இனம், பிடுங்கி எறியுங்கள்.

கே: சாக்கில் கடலை பூசணம் பிடித்துவிட்டது. மாட்டுக்குப் போடலாமா?

ப: கூடாது. 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேல் வான்கோழிகள் செத்தன. தீவனத்தில் இருந்த பிரேசில் கடலைப் பிண்ணாக்குதான் காரணம். அஃப்லாடாக்சின் என்ற நஞ்சு அப்படித்தான் தெரியவந்தது. மாடு தின்றால் அதன் ஒரு பங்கு பாலில் வரும்.

கே: வறுத்தால் போய்விடுமே?

ப: பூஞ்சை சாகும். நஞ்சு முழுதாகப் போகாது.

கே: செக்கில் ஆட்டி எண்ணெய் எடுத்தால்? எங்கள் ஊரில் எல்லோரும் செய்கிறார்கள்.

ப: செய்யட்டும். நஞ்சில் பெரும்பகுதி பிண்ணாக்கில் தங்கும், அதையும் மாட்டுக்குத்தானே வைப்பீர்கள்? மீதி எண்ணெயில் வரும். ஆலையில் காரம் சேர்த்துச் சுத்திகரிக்கும்போது அது நீங்கும். செக்கில் அந்த வேலை கிடையாது.

கே: செக்கெண்ணெய் கெடுதல் என்கிறீர்களா?

ப: பூசணக் கடலை கெடுதல் என்கிறேன். நன்றாகக் காய்ந்த நல்ல கடலையை ஆட்டுங்கள், நானே வாங்குகிறேன். காயாத கடலையைப் பிளாஸ்டிக் பையில் கட்டாதீர்கள். இதற்கு மேல் செக்கு பற்றிப் பதில் இல்லை.

கே: ரொட்டியில் ஒரு மூலையில்தான் பூசணம். கிள்ளிவிட்டுச் சாப்பிடலாமா?

ப: மறுபடியும் ரொட்டியா? இழை கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே ஓடியிருக்கும். எறியுங்கள். பைக்குள் மூக்கை விட்டு முகராதீர்கள்.

கே: காற்றை உறிஞ்சி அடைத்தால் எதுவுமே வளராதா?

ப: பூசணம் அடங்கும். காற்று இல்லாத இடத்தையே விரும்பும் கிளாஸ்டிரிடியம் பாட்டுலினம் என்ற நச்சு பாக்டீரியா வளரலாம். கொதிக்கும் நீரிலும் அதன் ஸ்போர் தப்பிக்கும். அது விடும் நஞ்சு இருப்பதை வாடை காட்டிக்கொடுக்காமலும் போகலாம். சமைத்த கறியை அப்படி அடைத்து வெளியே வைக்காதீர்கள். எண்ணெயில் ஊறும் பச்சைப் பூண்டும் அப்படித்தான், ஃபிரிட்ஜில் வைத்துச் சில நாளில் தீர்த்துவிடுங்கள்.

கே: சிலிக்கா பொட்டலம் போட்டால் ரொட்டி கெடாதா?

ப: அப்பளத்துக்குப் போடுங்கள். ரொட்டிக்கு முதல் பதில்.