கொடி அணிவகுப்பு நடந்தால் ராணுவ ஆட்சி என்று அர்த்தமில்லை

தம்பி வேலை பார்க்கும் வடநாட்டு ஊரில் கலவரம், கடைத்தெருவில் ராணுவம் கொடி அணிவகுப்பு போகிறது, இனி யாரையும் கேட்காமல் சுடுவார்களா என்று கேட்டிருந்தீர்கள். பதறாதீர்கள். துப்பாக்கியோடு தெருவில் நடப்பதே கூட்டம் சேராமல் இருக்கத்தான்.

கூட்டத்தைக் கலைக்க ராணுவத்தை இறக்குவது பற்றிய பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 130, 131 பிரிவுகள் 2024 ஜூலை முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய சட்டத்தில் 149, 150 ஆகிவிட்டன. போலீசால் கூட்டத்தைக் கலைக்க முடியாதபோது, மாவட்ட மாஜிஸ்திரேட்டோ, அவர் அதிகாரம் கொடுத்து அங்கே நிற்கும் நிர்வாக மாஜிஸ்திரேட்டோ சொன்னால்தான் ராணுவம் இறங்கும். அப்போதும் முடிந்த அளவு குறைந்த பலம்தான் என்று சட்டமே சொல்கிறது. மாஜிஸ்திரேட்டைத் தொடர்பு கொள்ளவே முடியாத அவசரத்தில் மட்டும் ராணுவ அதிகாரி தானே முடிவெடுக்கலாம். தொடர்பு கிடைத்ததும் மாஜிஸ்திரேட் சொல்படிதான் கேட்க வேண்டும்.

நீங்கள் பயப்படுவது 1958-ம் ஆண்டு ஆயுதப்படை சிறப்பு அதிகாரச் சட்டத்தை. வாரண்ட் இல்லாமல் சோதனை, எச்சரித்துவிட்டுச் சுடுவது எல்லாம் அதில்தான். என்னைக் கேட்டால் அது ரொம்பவே அகலமான அதிகாரம். ஆனால் அந்தப் பகுதியை 'கலவரப் பகுதி' என்று அரசிதழில் அறிவித்திருக்க வேண்டும். அறிவிப்பு உண்டா என்று முதலில் பாருங்கள். அப்புறம், ஊரடங்கு நேரத்தில் தம்பி வீடியோ எடுக்கிறேன் என்று வாசலுக்கு வர வேண்டாம்.