சொந்தக்காரர் வீடு என்றால்தான் படியேறுவீர்களா?

அன்புள்ள ஐயா,

கொரிய நாடகங்கள் பார்க்கத் தொடங்கி, இப்போது அந்த மொழியையும் படிக்கிறேன். ‘ஹீரோ முகத்துக்குத்தானே?’ என்று வீட்டில் கேலி. முதலில் அதுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவர்கள் பெரியவர்களைக் குனிந்து வணங்குவது, அந்த ஒழுங்கு, எதுவுமே நம்மிடம் இல்லையே! கொரியாவுக்குப் போன ராணி தமிழ்ப்பெண் என்கிறார்களே, அந்தத் தொடர்புதான் என்னை இழுக்கிறதா? இன்னொரு பண்பாட்டைத் தேடிப் போகத் தகுதியான காரணம் வேண்டாமா?

ந., கோவை

அன்புள்ள ந.,

ராணியை விட்டுவிடுவோம். சொந்தக்காரர் வீடு என்றால்தான் படியேறுவீர்களா? ஹீரோ முகம் நல்ல காரணம்தான். வீட்டில் சிரித்தால் நீங்களும் சேர்ந்து சிரித்துவிடுங்கள்.

என்னை எழுத வைத்தது அந்த ‘நம்மிடம் இல்லையே’. கொஞ்ச நாளாக எழுத்தாளர் லஃப்காடியோ ஹெர்னின் கடிதங்களோடு இருக்கிறேன். கிரேக்கத் தாய், ஐரிஷ் தகப்பன். இருவருமே சின்ன வயதில் அவரை விட்டுப் போய்விட்டார்கள். பள்ளிக் காலத்தில் ஒரு கண் பார்வை போயிற்று. அமெரிக்காவில் பத்திரிகைக்காரராகி, 1890-ல் கட்டுரை எழுத ஜப்பான் வந்தார். கூட வந்த ஓவியருக்குத் தன்னைவிட அதிகப் பணம் என்று தெரிந்ததும் ஒப்பந்தத்தை முறித்தார். அப்புறம் பிழைப்புக்காக மாட்சுவே ஊரில் ஆங்கில வாத்தியார் வேலை. அந்த ஊர் அவருக்குத் தேவலோகம். எல்லாரும் சிரித்த முகம், எல்லாமே அழகு, மேற்கு நாடுகளோ உருப்படாதவை. நீங்கள் எழுதியிருப்பதேதான்.

மறு வருடம் குமாமோட்டோவுக்கு மாறினார். அது பட்டாளம் தங்கியிருந்த நகரம். மாணவர்கள் ஒட்டவில்லை. மயக்கம் தெளிந்து, கடிதங்களில் ஜப்பானைத் திட்டித் தீர்க்கிறார். எனக்கு அவர்மேல் மதிப்பு வருவதே இங்கேதான். மனிதர் கிளம்பிப் போகவில்லையே! மனைவி சேட்சு, அவர் வீட்டுப் பெரியவர்கள் எல்லாரும் இவர் சம்பளத்தில்தான் சாப்பிட்டார்கள். 1896-ல் கொய்சுமி யாகுமோ என்ற பெயரில் ஜப்பானியக் குடிமகன் ஆனதும், தனக்குப் பின் மனைவிக்கும் மகனுக்கும் சொத்து போய்ச்சேர வேண்டுமே என்ற கவலையில்தான். இதில் தகுதியான காரணம் எது, சொல்லுங்கள்?

ஜப்பானிய மொழியைச் சரளமாகப் படிக்கக் கடைசிவரை அவருக்கு வரவில்லை. இரவில் விளக்குத் திரியைத் தணித்துவிட்டு சேட்சு பேய்க்கதை சொல்வார். புத்தகத்தைப் பார்த்துச் சொல்லாதே, உன் வாயால் சொல் என்று கேட்பாராம் இவர். இருவருக்கு மட்டுமே புரிந்த அரைகுறை ஜப்பானியத்தில் அந்தப் பேச்சு நடந்தது. ஜப்பானியர்கள் இன்றும் படிக்கும் அவருடைய பேய்க்கதைகள் அப்படி வந்தவை.

இப்போது உங்களிடம் வருகிறேன். குனிந்து வணங்குகிறார்கள், சரி. அதே தென்கொரியாவில்தான் முதியோர் வறுமை, வளர்ந்த நாடுகளிலேயே மிக அதிகமாக உள்ள இடங்களில் ஒன்றாக இருக்கிறது. தள்ளுவண்டி நிறைய அட்டைப்பெட்டி பொறுக்கி, எடைக்குப் போட்டுப் பிழைக்கும் கிழவிகள் தலைநகர் சியோல் தெருக்களில் இருக்கிறார்கள். உங்கள் நாடகத்தில் அவர்கள் வந்தார்களா? வீட்டில் இருக்கிறவர்களை மட்டம் தட்டுவதற்கு ஒரு தேசத்தையே கையில் எடுக்காதீர்கள். அது கொரியாவுக்கும் அவமானம், உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கும் அவமானம்.

கோபமாக எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். உங்கள் வயதில் வேறொரு மொழிக்காக ராத்திரி கண்விழிக்கிற பெண்ணிடம் எனக்கு அன்புதான். மொழி கொஞ்சம் பிடிபட்டதும் அந்த அட்டைப்பெட்டிக் கிழவிகளைப் பற்றிக் கொரியச் செய்தித்தாள்களில் தேடிப் படியுங்கள். அதன் பிறகும் வகுப்புக்குப் போனால், அப்போது மறுபடி எழுதுங்கள்.