மின்சாரக் காரின் கூடுதல் விலை திரும்பி வருமா?

கேள்வி: மின்சாரக் கார் வாங்கினால் பெட்ரோல் செலவு மிச்சம், கூடுதலாகக் கொடுத்த விலை சீக்கிரம் திரும்பிவிடும் என்கிறார்களே, உண்மையா?

பதில்: எவ்வளவு ஓட்டுகிறீர்கள், எங்கே சார்ஜ் போடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. நடுத்தர மின்சாரக் கார் 100 கிலோமீட்டருக்கு 15 முதல் 20 யூனிட் எடுக்கும், சார்ஜ் ஏறும்போது வீணாவது 10 சதவீதம் போல தனி. அதே தூரத்துக்கு பெட்ரோல் கார் 6, 7 லிட்டர் குடிக்கும். உங்கள் கரன்ட் பில்லில் உள்ள யூனிட் விலையால் பெருக்கி, பெட்ரோல் செலவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வீட்டில் சார்ஜ் போட முடிந்தால் பெரும்பாலும் மின்சாரம்தான் ஜெயிக்கும், ஆனால் எப்போதும் வெளியே ஃபாஸ்ட் சார்ஜரையே நம்பினால் அங்கே யூனிட் விலை அதிகம் என்பதால் லாபத்தில் பெரும்பகுதி கரைந்துவிடும்.

ஆயில், ஸ்பார்க் பிளக் செலவு இல்லை. மோட்டாரே வேகத்தைக் குறைப்பதால் பிரேக் பேடும் நீண்ட நாள் உழைக்கும். டயர் மட்டும் வண்டியின் எடையால் சீக்கிரம் தேயும்.

பேட்டரி போய்விடுமோ என்று எல்லோரும் பயப்படுகிறார்கள், அதற்குப் பல கம்பெனிகள் 8 வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் வாரண்டி தருகின்றன. நான் பயப்படுவது மறுவிற்பனை விலைக்குத்தான். புது மின்சாரக் காரின் மதிப்பு முதல் சில வருடங்களில் மளமளவென்று இறங்குகிறது, அதனால் மூன்று வருடத்துக்கு ஒருமுறை வண்டி மாற்றுகிறவர் மிச்சம் பிடித்த பெட்ரோல் காசை அங்கே விட்டுவிடுவார். வாரத்தில் ஒருநாள் மட்டும் காரை எடுப்பவருக்கும் பெட்ரோலே போதும். விலை ஏற்கெனவே இறங்கியிருக்கும் என்பதால் செகண்ட் ஹேண்ட் மின்சாரக் கார் இன்னும் நல்ல யோசனை. பேட்டரியின் நிலையைச் சோதித்த அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள்.