அமெரிக்காவில் போய் கான்வென்ட்டா?

கேள்வி: என் மகன் கலிஃபோர்னியாவில், சான் ஹோசேயில் இருக்கிறான். எட்டாவது படிக்கும் பேத்தியை அங்கே கத்தோலிக்கப் பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் சேர்க்கப்போகிறார்களாம். நாங்கள் சைவக் குடும்பம். பக்கத்திலேயே கட்டணம் இல்லாத அரசுப் பள்ளி இருக்கும்போது இது எதற்கு? மதம் மாற்றிவிடுவார்களோ என்றும் பயமாக இருக்கிறது.
– ஒரு பாட்டி, கும்பகோணம்

பதில்: என் மகள் வயிற்றுப் பேத்தியும் அந்த வட்டாரத்தில் இப்படியொரு பள்ளியில்தான் படித்தாள் அக்கா. அதனால் கண்ணால் பார்த்ததையே சொல்கிறேன்.

சமயப் பாடம் நான்கு வருடமும் கட்டாயம், மதிப்பெண்ணும் உண்டு. திருப்பலி என்கிற அவர்கள் வழிபாடு நடக்கும் நாளில் எல்லாப் பிள்ளைகளும் போய் உட்கார வேண்டும். ஆனால் அதில் தரும் நற்கருணை அப்பம் கத்தோலிக்கர்களுக்கு மட்டும்தான். மற்றவர்கள் கைகளை மார்பில் குறுக்கே வைத்துக்கொண்டு போனால் ஆசி தருவார்கள்; போகாமல் இருந்தாலும் யாரும் கேட்பதில்லை. மேல் வகுப்பில் உலக சமயங்கள் என்று ஒரு பாடம் வந்தது. என் பேத்தி போன் போட்டு, "பாட்டி, கர்மான்னா சரியா என்ன?" என்றாள். திணறியது நான்தான்!

பெண்கள் மட்டும் படிப்பது அங்கே புதுசு இல்லை. அமெரிக்கா தனி நாடாவதற்கு முன்பே, 1727-ல், நியூ ஆர்லியன்ஸில் உர்சுலைன் என்ற கத்தோலிக்கச் சபையின் கன்னியர் பெண்கள் பள்ளி தொடங்கிவிட்டார்கள். உங்கள் மகன் ஊரிலேயே நோட்ர டேம் பள்ளி 1851-லிருந்து நடக்கிறது. மைக்ரோசாஃப்ட் பில் கேட்ஸின் முன்னாள் மனைவி மெலிண்டா கேட்ஸ் படித்ததும் டல்லாஸில் இருக்கும் உர்சுலைன் பெண்கள் பள்ளியில்தான். அங்கே ஒரு கணித ஆசிரியை பள்ளியில் பேசி வரவழைத்த ஆப்பிள் கணினியில்தான் அவர் புரோகிராம் எழுதப் பழகினார். இந்தப் பள்ளிகளில் எனக்குப் பிடித்தது இதுதான்: ரோபாட்டிக்ஸ் குழுவுக்குத் தலைவி, மாணவர் மன்றத்துக்குத் தலைவி, ஆய்வகத்தில் ஸ்க்ரூடிரைவர் பிடிப்பவள், எல்லாமே பெண்கள். கூச்ச சுபாவமான பிள்ளைக்கு இது பெரிய விஷயம்.

பயப்பட வேண்டியது கட்டணத்துக்குத்தான். வருடத்துக்கு 20,000 டாலருக்கு மேல் ஆகும். குடும்ப வருமானத்தைப் பார்த்து உதவித்தொகை தருவார்கள். ஆனால் சேர்க்கைக்கு விண்ணப்பிக்கும்போதே வரிக் கணக்கு எல்லாம் கொடுத்துக் கேட்டுவிட வேண்டும். நுழைவுத் தேர்வும் எட்டாவது படிக்கும்போதே வந்துவிடும். அப்புறம், அந்தப் பக்கத்து அரசுப் பள்ளிகள் பலவும் படிப்பில் கெட்டிதான். கல்லூரியில் இடம் கிடைக்க இந்தப் பள்ளிதான் வழி என்று மகன் சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். இந்தப் பள்ளியில் கல்லூரி விண்ணப்பத்துக்கு வழிகாட்டும் ஆசிரியர் ஒவ்வொரு பெண்ணையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவார், அவ்வளவுதான்.

சேருவதற்கு முன் ஒரு நாள், அங்கே படிக்கும் மாணவி ஒருத்தியோடு வகுப்புகளுக்குப் போய்ப் பார்க்க விடுவார்கள். பேத்தி போய்வந்த அன்று நீங்களே போன் போட்டுக் கேளுங்கள். சீருடைப் பாவாடை குட்டையாக இருக்கிறதே என்று மட்டும் ஆரம்பித்துவிடாதீர்கள்.