யி ஜிங்கில் 'நிலையின்மை' என்று வந்தால் வேலையை விட்டுவிடலாமா?

கேள்வி: வேலையை விட்டுவிட்டுச் சொந்தத் தொழில் தொடங்கலாமா என்று, சீனர்களின் பழைய குறி நூலான யி ஜிங் முறையில் மூன்று நாணயங்களைப் போட்டுப் பார்த்தேன். 32-வது குவா வந்து, 3-வது கோடு மாறி, 40 ஆனது. செயலியில் 'நிலையின்மை, அவமானம், மாற்றம்' என்று காட்டுகிறது. இதற்கு முன் இரண்டு தடவை போட்டபோது வேறு வேறு குவா வந்தது. இதை எப்படி எடுத்துக்கொள்வது?

பதில்:

உங்கள் கணக்கு சரிதான், முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். குவா என்பது ஆறு கோடுகளின் அடுக்கு. ஒவ்வொரு கோடும் முழுக்கோடாகவோ நடுவில் உடைந்த கோடாகவோ இருக்கும். கீழ் மூன்று கோடுகளுக்கும் மேல் மூன்று கோடுகளுக்கும் காற்று, இடி, தண்ணீர் என்பது போலத் தனித்தனிப் பெயர் உண்டு. 32-வதில் கீழே காற்று, மேலே இடி. கோடுகளைக் கீழிருந்து எண்ண வேண்டும். மேலிருந்து எண்ணிக் குழம்பியவர்களில் நானும் ஒருவன். மூன்றாவது கோட்டுக்கு மூன்று நாணயமும் தலை விழுந்து, தலைக்கு 3 வீதம் 9 வந்திருக்கும். 9 என்றால் அந்த முழுக்கோடு முற்றிவிட்டது, இனி உடைந்த கோடாக மாறும். மாறினால் கீழே இருக்கும் காற்று தண்ணீர் ஆகிவிடும். தண்ணீருக்கு மேல் இடி, அதுதான் 40. ஒரே ஒரு கோடு மாறினால் முதல் குவாவில் அந்தக் கோட்டுக்குரிய வாசகத்தைப் படிக்க வேண்டும் என்று 12-ஆம் நூற்றாண்டில் ஜு ஷி என்ற அறிஞர் விதி வகுத்தார். ஆகவே செயலி காட்டிய வாசகம் சரியானதுதான். அதை மொட்டையாகக் காட்டியதில்தான் சிக்கல்.

32-வது குவாவின் பெயர் 'ஹெங்'. அதற்கு நிலைத்திருப்பது, நீடிப்பது என்று பொருள். நிலையின்மை அதன் மூன்றாவது கோட்டில் மட்டும் வருகிற பேச்சு. இடியும் காற்றும் ஓரிடத்தில் நிற்காதவை. அவை இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்று அடுக்கி, அதற்குப் போய் 'நிலைத்திருப்பது' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இந்த நூலில் எனக்கு மிகவும் பிடித்த குறும்பு இதுதான். பழைய உரையில் இதற்கு விளக்கமும் உண்டு: நான்கு பருவங்களும் மாறி மாறி வருவதால்தான் அவற்றால் நெடுங்காலம் காரியத்தை முடித்துத் தர முடிகிறதாம். அப்படியானால் ஹெங் வந்துவிட்டது, இருந்த இடத்திலேயே இரு என்று சொல்கிறது என்றும் எடுத்துக்கொள்ள முடியாது. இதே குவாவின் நான்காவது கோடு 'வேட்டைக்குப் போன இடத்தில் விலங்கே இல்லை' என்கிறது. தனக்குரியதல்லாத இடத்தில் எத்தனை நாள் காத்திருந்தாலும் வேட்டை எப்படிக் கிடைக்கும் என்று உரை கேட்கிறது. பத்து வருடம் ஒரே நாற்காலியில் உட்கார்ந்தவர்களுக்கு இது கொஞ்சம் உறைக்கும்.

சரி, உங்கள் கோட்டுக்கு வருவோம். வாசகம் ஏறத்தாழ இப்படி வரும்: 'தன் குணத்தில் நிலைத்து நிற்காதவனுக்கு அவமானம் வந்து சேரலாம்.' வேலையைப் பற்றி இதில் ஒரு சொல் கூட இல்லை. விடுகிறவனையும் குறை சொல்லவில்லை, இருக்கிறவனையும் குறை சொல்லவில்லை. காலையில் விடுவது என்றும் மாலையில் இருப்பது என்றும் நினைக்கிறவனைத்தான் சொல்கிறது. சீன ஞானி கன்ஃபூசியஸே இந்த வாசகத்தை எடுத்தாண்டிருக்கிறார். அவர் பேச்சுகளின் தொகுப்பான லுன்யுவின் 13-வது பகுதியில், நிலையில்லாத மனிதன் மந்திரவாதியாகவோ மருத்துவனாகவோ கூட ஆக முடியாது என்ற தென்னாட்டுப் பழமொழியைப் பாராட்டுகிறார். பிறகு இந்தக் கோட்டின் வாசகம் வருகிறது. அதற்கு அவர் சொன்னது ஒரே வரி: 'குறி பார்க்காமல் இருந்தால் போதும்.' இந்த வரிக்குப் பல விதமாகப் பொருள் சொல்கிறார்கள். இப்படிப்பட்டவனுக்கு என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ளக் குறி எதற்கு என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். சிங்கப்பூரில் வேலை பார்த்தபோது ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதா, ஊருக்குத் திரும்புவதா என்று மாதக்கணக்கில் உழன்றேன். எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் மாலையில் வந்து உட்காரும் சீன அங்கிள் ஒருவர், டாக்ஸி ஓட்டி ஓய்வு பெற்றவர், பத்துக் காசு நாணயம் மூன்றை வைத்து எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தார். அப்புறம் என்ன, ஒரே இரவில் நான்கு தடவை போட்டுப் பார்த்தேன். நான்கு விதமாக வந்தது. மறுநாள் நான்கையும் தாளில் எழுதிக்கொண்டுபோய்க் காட்டினேன். அவர் வாங்கிப் படிக்கக்கூட இல்லை. "நாலாவது குவாவைப் போய்ப் படி" என்று சொல்லிவிட்டு, நாணயங்களைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கோப்பி வாங்கப் போய்விட்டார்.

நாலாவது குவா 'மெங்', விவரமறியாப் பிள்ளை. அதில் குறியே பேசுகிறது: 'முதல் முறை கேட்டால் சொல்வேன். இரண்டு மூன்று முறை கேட்டால் அது அவமதிப்பு. அவமதித்தால் சொல்ல மாட்டேன்.' எனக்கு முகம் சுருங்கிப்போனது. நம் ஊரில் பூக்கட்டிப் பார்த்து, நினைத்த பூ வரவில்லை என்றதும் 'பிள்ளை சரியாக எடுக்கவில்லை' என்று மறுபடி கட்டுவோமே, அதே புத்திதான்.

இப்போது உங்கள் கேள்வியைப் படித்துப் பாருங்கள். மூன்றாவது தடவையாகப் போட்டிருக்கிறீர்கள். நிலைத்து நிற்காதவன் என்ற கோடு வந்திருக்கிறது. நாணயத்துக்குக் கண் உண்டா என்ற விவாதத்துக்கு நான் வரவில்லை. எந்தக் கோடாக இருந்தாலும் மாறும் கோடாக விழ நான்கில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. தற்செயல் என்றே வைத்துக்கொள்ளலாம். ஆனாலும் விழுந்தது உங்களுக்குப் பொருந்துகிறது.

மாறி வந்த 40-ஐப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 'ஜியே' என்றால் கட்டு அவிழ்வது, இடியோடு மழை கொட்டி இறுக்கம் தீர்வது. போக வேண்டிய இடம் இல்லையென்றால் திரும்பி வருவது நல்லது, இருந்தால் சீக்கிரம் போவது நல்லது என்கிறது. தென்மேற்கு சாதகம் என்றும் இருக்கிறது. அதை நம்பி அந்தத் திசையில் கடை பார்க்கப் போய்விடாதீர்கள். உங்களுக்குப் போக வேண்டிய இடம் இருக்கிறதா, அதாவது கையில் முதல், வாடிக்கையாளர், ஆறு மாத வீட்டுச் செலவு இருக்கிறதா என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

மெங் சொல்வதை மதிப்பதென்றால், படிக்க வேண்டியது உங்கள் முதல் தடவைக் குவாவைத்தான். அதன் எண்ணையும் மாறிய கோட்டையும் கேள்வியில் சேர்த்துப் போடுங்கள், பார்க்கலாம். நான்காவது தடவை மட்டும் போட வேண்டாம்.